நின்று போன பொம்மை ரயில்

ஓடுகின்ற பொம்மை ரயிலைக் குழந்தைகள் பார்ப்பார்கள். நின்று போன பொம்மை ரயிலைக் குடும்பமே கூடிப் பார்க்கும். பார்த்து முடிந்ததும், "பழசாகிவிட்டது, இனி உதவாது" என்று தீர்ப்புக் கூறிப் பரண்மேல் ஏற்றிவிடுவது உலக வழக்கம். பெரும்பாலும் அது நிரபராதிக்கு விதித்த தண்டனை என்பதே நம் கட்சி.

அமெரிக்காவில் ஜோஷுவா லயனல் கவன் என்பவர் 1900-ம் ஆண்டில் நியூயார்க் நகரில் தொடங்கிய 'லயனல்' கம்பெனியின் ரயில்களை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். யுத்தம் காரணமாக 1942-ல் நின்ற உற்பத்தி 1945-ல் மீண்டும் தொடங்கிற்று. அதற்கு முன்னும் பின்னும் செய்த இஞ்சின்கள் பல இன்றும் ஓடுகின்றன. ஓடாமல் கிடப்பவற்றிலும் பல ஓடக் கூடியவையே.

வைத்தியத்துக்கு முன் நாடி பார்க்க வேண்டுமல்லவா? இந்த ரயிலுக்குத் தண்டவாளங்கள் மூன்று. டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்படும் மின்சாரம் நடுத் தண்டவாளத்தை அடைந்து, இஞ்சினின் அடியிலுள்ள உருளை வழியாக மோட்டாருக்குள் ஏறி, சக்கரங்கள் வழியாக ஓரத் தண்டவாளங்களில் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. இந்த வட்டத்தில் எங்கே அறுந்தாலும் ரயில் நிற்கும். ஆகவே வட்டத்தின் தொடக்கத்திலிருந்து வரிசையாகத் தேடுவதே முறை. கண்ட இடத்தில் திருகாணியைக் கழற்றுவது முறையன்று.

முதலில் டிரான்ஸ்பார்மர். விளையாட்டுச் சாமானில் உயிருக்கு ஆபத்தானது இது ஒன்றே. இதிலிருந்து ரயிலுக்குச் செல்வது சுமார் 20 வோல்ட்டுக்குள் அடங்கும்; ஆனால் சுவரிலிருந்து இதற்கு வருவதோ வீட்டு மின்சாரம். வருஷங்கள் செல்லச் செல்ல அந்தக் கம்பியின் ரப்பர் உறை காய்ந்து உதிர்ந்துவிடும். சுவரில் செருகுமுன் கம்பியை மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிப்புக் கண்டால் செருக வேண்டாம். நாடாச் சுற்றிச் சமாளிக்கவும் வேண்டாம். தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துப் புதுக் கம்பி போடுங்கள். மேலும், அமெரிக்க டிரான்ஸ்பார்மர் சுமார் 115 வோல்ட்டுக்கு அமைந்தது; நம் நாட்டு 230 வோல்ட் இணைப்பில் நேராகச் செருகினால் புகைந்துவிடும்.

அடுத்தது பாதை. 18 வோல்ட் சிறு விளக்கு ஒன்றில் இரண்டு கம்பிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை நடுத் தண்டவாளத்திலும் மற்றொன்றை ஓரத்திலும் வைத்துக்கொண்டே பாதையைச் சுற்றி வாருங்கள். விளக்கு எந்த இடத்தில் மங்குகிறதோ அதற்குச் சற்று முன்னுள்ள இணைப்பு ஊசி தளர்ந்திருக்கும் அல்லது துருப்பிடித்திருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஸ்பிரிட் தோய்ந்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். இரும்புப் பஞ்சு மட்டும் ஆகாது. அதன் இழைகளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொண்டு புதுத் தொல்லை விளைவிக்கும்.

டிரான்ஸ்பார்மர் உறுமிச் சூடேறினால் மின்சாரம் குறுக்கு வழியில் ஓடுகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, வண்டிகளைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு கணம் மட்டும் போட்டுப் பாருங்கள். உறுமல் நின்றால் குற்றம் வண்டியில். தடம் புரண்ட சக்கரமே பல சமயம் குற்றவாளி. நிற்காவிட்டால் பாதையில், நடுத் தண்டவாளத்தைத் தாங்கும் காகிதக் காப்பு தேய்ந்திருக்கலாம்.

கடைசியாக இஞ்சின். முகப்பு விளக்கு எரிந்தும் சக்கரம் அசையவில்லையென்றால், மின்சாரம் வாசல்வரை வந்துவிட்டது என்று அறியலாம். இத்தகைய இஞ்சின்கள் பலவற்றில் 'ஈ-யூனிட்' என்ற சிறு கருவி உண்டு. மின்சாரத்தை நிறுத்திப் போடுந்தோறும் முன்னோட்டம், ஓய்வு, பின்னோட்டம், ஓய்வு என்று மாறுவது அதன் இயல்பு. அதற்குரிய நெம்புகோலை யாராவது தள்ளிவிட்டால் 'ஓய்வு' நிலையிலேயே பூட்டிக்கொள்ளவும் கூடும். எத்தனையோ இஞ்சின்களுக்கு இந்நெம்புகோலைத் திருப்பி வைப்பதொன்றே சிகிச்சை! அதிலும் அசையாவிட்டால் மோட்டாரின் கம்யூடேட்டரைத் துடைத்து, அதன் இடுக்குகளிலுள்ள கரியைப் பல்குச்சியால் நீக்கி, கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அச்சுக்கு ஒரு துளி எண்ணெய் போதும். கம்யூடேட்டரில் எண்ணெய் படிந்தால் அதுவே பகை.

இவ்வளவையும் பெரியவர்கள் தனித்திருந்து செய்து முடித்து, ஓடும் ரயிலைப் பரிசாக நீட்டலாம். ஆனால் சுவர்க் கம்பியைத் தாம் கவனித்துக்கொண்டு, சோதனை விளக்கைக் குழந்தையின் கையில் கொடுப்பாராயின் பயன் பன்மடங்கு. விளக்கு மங்கிய இடத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளை, வரிசையாகத் தேடினால் காரணம் அகப்படும் என்பதை ஆயுள் முழுதும் மறவாது. பாடசாலையில் நாம் ஒரு வருஷம் முயன்று புகட்டுவதும் அதுவேதான்.