உதவி ஊருக்குள் வரவேண்டும்

1992ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆம் திகதி, தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடிக் கிராமத்தினுள், சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறையினரும் பொலிசாரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். ஊர் சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டனர். பாதிக்கப்பட்ட அப்பெண்களே கைதிகளாக்கப்பட்டுச் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர்.

வழக்கின் கதையை எமது வாசகர்கள் அறிவர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்னரே இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என 2011 செப்ரெம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல், அதே செப்ரெம்பர் 29ஆம் திகதி, சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா பத்து இலட்சம் ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்!

நீதி தாமதித்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் கேட்பது வேறொன்று. அந்த முதல் இரவில் அப்பெண்களுக்கு யார் இருந்தார்கள்? மருந்திட ஒரு தாதி இல்லை; நடந்ததைக் கேட்க ஒரு செவி இல்லை. முறையிடச் செல்லவேண்டிய இடமெல்லாம் சீருடை அணிந்தே நின்றது. பின்னர் மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊர்தேடி வந்தனர். அதன்பின் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி அவர்கள் நேரிற் சென்று விசாரித்து அறிக்கை தந்தார். ஊருக்குள் ஒருவர் வந்து அமர்ந்து கேட்ட பின்னரே உண்மைக்கு வாய் திறந்தது.

இன்று சட்டங்கள் மாறியுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. வல்லுறவுக்கு ஆளானவருக்கு எந்த வைத்தியசாலையும் இலவசமாகச் சிகிச்சை அளித்தாகவேண்டும் என 2013இல் விதிக்கப்பட்டது. 2015 முதல் இந்தியாவெங்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டன. 181 என்ற உதவித் தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆனால் மையம் இருப்பது பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில். மலையிலிருந்து இறங்கி, பேருந்து பிடித்து, ஒருநாட் கூலியை இழந்து, அறியாத கட்டடத்தினுள் நுழைந்து, அறியாத ஒருவரிடம் தன் மானத்தை விரித்துக் கூற எத்தனை பெண்களால் இயலும்? (வாச்சாத்தி மக்கள் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர், கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுவோர். மொழி ஒன்றாயிருந்தும் இந்நிலை.)

தொலைவிலுள்ள கதையென நாம் ஒதுக்கிவிட முடியாது. நாம் குடியேறியிருக்கும் இதே ஒன்ராறியோவில், மாகாணத்தின் ஏறத்தாழ மூன்றிலிரண்டு நிலப்பரப்பில், நிஷ்னாவ்பே அஸ்கி கூட்டமைப்பின் 49 பூர்வகுடிச் சமூகங்கள் வாழ்கின்றன. அவற்றுட் பலவற்றுக்கு ஆண்டு முழுவதும் செல்லத்தக்க தெருவில்லை. குளிர்காலத்தில் உறைபனிப் பாதை. மற்றக் காலத்தில் விமானம். ரொறன்ரோவில் நாம் 911ஐ அழுத்திவிட்டு வாசலைப் பார்த்திருக்கிறோம். அங்கு நள்ளிரவில் அடிபட்ட பெண் தண்டர் பேயிலுள்ள புகலிடத்தை அடைய, வானிலை இடங்கொடுக்க வேண்டும். விமானத்தில் இடம் வேண்டும். அடித்தவனின் உறவினர் முன்பாகவே அவள் விமானம் ஏறவும் நேரலாம்.

காணாமற்போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2019 யூன் 3ஆம் திகதி தன் இறுதி அறிக்கையில் 231 கோரிக்கைகளை முன்வைத்தது. அதற்கு முன்னரே, 2012இல், தண்டர் பேயிலிருந்து பூர்வகுடிப் பெண்களே நடத்தும் ‘ரோக் ஃபோர் ஹீலிங்’ என்னும் உதவித் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. இன்று 14 மொழிகளில் இரவு பகலாக அது இயங்குகிறது. தன் மொழியில் தன்னைப் போன்ற ஒருத்தி பேசுவது எத்துணை ஆறுதல் என்பதை, வைத்தியரிடம் தம் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் சென்று சொல்லவந்ததை விழுங்கிய எமது தாய்மார் அறிவார்கள். சீருடையைக் கண்டதும் தொண்டை அடைத்துப்போவது எப்படியென்பதும் எம்மவர்க்குப் புதிதல்ல.

எனினும் தொலைபேசியால் ஒரு கதவைப் பூட்டித்தர முடியாது. வாச்சாத்தியாயினும் வடக்கு ஒன்ராறியோவாயினும், அவ்வூர்ப் பெண்களுள் சிலரைப் பயிற்றி, தொண்டர்களாகவன்றி ஊதியம் பெறும் பணியாளராக அங்கேயே அமர்த்த வேண்டும். சுகாதார நிலையத்தில் உட்புறம் தாழிடக்கூடிய ஓர் அறையாவது வேண்டும். பயணச் செலவை முன்கூட்டியே கொடுக்கவேண்டும். பற்றுச்சீட்டுக் காட்டிப் பின்னர் பெற்றுக்கொள் என்பது கையிற் காசில்லாதவளிடம் ‘வராதே’ என்பதற்குச் சமம். பொலிஸ் முறைப்பாடு செய்தால்தான் உதவி என்ற நிபந்தனை எவ்வடிவிலும் கூடாது. முறைப்பாடு செய்வதா இல்லையா என்பதை அவள் உறங்கி எழுந்து, உண்டு, பின்னர் தீர்மானிக்கட்டும்.

இதற்குப் பணம் வேண்டும். ஒரு நிதியாண்டோடு முடிந்துபோகாத பணம் வேண்டும். தேர்தல் வந்தால் எமது மண்டபங்களுக்கு மாலை வாங்க வரும் வேட்பாளர்கள் குறைவல்லர். எமது தெருவையும் பாடசாலையையும் பற்றிக் கேட்கும்போது, வடக்கிலே ஒரு பெண் நள்ளிரவில் ஓடிவந்தால் அவளுக்குக் கதவு திறப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பார் என்பதையும் அவர்களிடம் கேட்போம்.