பெயரும் முகவரியும் ஒத்தல் வேண்டும்

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நிறுவுவோர் பலர், அதன் பெயருக்குரிய ஐ.பி. முகவரியைப் பதிவுசெய்த அளவில் தங்கடன் முடிந்ததென்று அமைந்துவிடுகின்றனர். அஃது அரைவினையே என்பது எமது கருத்து. பெயரை வினவினால் எண் கிடைத்தல் ஒன்று. எண்ணை வினவினால் அப்பெயரே கிடைத்தல் மற்றொன்று. பின்னதை ரிவர்ஸ் டி.என்.எஸ். என்பர்.

இது புதிதாகப் புகுத்தப்பட்ட கட்டளையன்று. 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த டி.என்.எஸ். விதிகளிலேயே இதற்கு இடமுண்டு. 192.0.2.25 என்னும் முகவரியைத் தலைகீழாக்கி, 25.2.0.192.இன்-ஆடர்.ஆர்பா என்னும் பெயரில் பி.டி.ஆர். பதிவை வைப்பர். பெயர்களிற் பெரும்பகுப்பு வலப்புறத்தும், எண்களில் அஃது இடப்புறத்தும் நிற்றலின், இங்ஙனம் மாற்றுதல் வேண்டிற்று.

இதனால் ஆம் பயன் யாது? அஞ்சல் கொணரும் சர்வர் தன் பெயரைத் தானே கூறிக்கொள்ளும். அதனை எளிதிற் பொய்யாகக் கூறலாம். தொடர்பு வந்த எண்ணோ அங்ஙனம் பொய்த்தற்கு அரிது. ஆதலின், பெறுவோர் அவ்வெண்ணின் பெயரை வினவி, அப்பெயருக்குரிய எண்ணை மீண்டும் வினவுவர். இரண்டும் ஒத்தால் ஐயம் ஒருவாறு நீங்கும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அஞ்சல் விடுப்போர் இவ்விரு பதிவுகளையும் உடையராதல் வேண்டுமென்று கூகுள் விதித்துள்ளது.

ஈண்டுப் பலரும் இடர்ப்படுவது ஒன்றுண்டு. பி.டி.ஆர். பதிவின் உரிமை பெயருடையாரிடத்தன்று, முகவரியை வழங்கியவரிடத்தது. தம் பெயர்ப்பதிவேட்டில் எத்துணை திருத்தினும் பயனின்று. முகவரி வழங்கிய நிறுவனத்தையே வேண்டுதல் வேண்டும். சர்வர் வணக்கத்திற் கூறும் பெயரும் அப்பெயரே ஆதல் நலம். ஐ.பி.வி.6 வழியாக அஞ்சல் செல்லுமாயின் அதற்கும் தனிப் பதிவு வேண்டும்.

பெருநிறுவனங்கள் சிறியோரை நசுக்கவே இங்ஙனம் விதிக்கின்றன என்பாருமுளர். யாம் அதற்கு உடன்படோம். ஊர்பேர் கூறி வாயிலில் நிற்றல் யார்க்கும் இழுக்கன்று. ஆயினும், விதி நீதியாதற்கு இரண்டு வேண்டும். முகவரி வழங்குவோர் சிறிய வாடிக்கையாளர்க்கும் இப்பதிவை மறாது அளித்தல் வேண்டும். பெறுவோர் அஞ்சலை மறுப்பின் காரணங் கூறி மறுத்தல் வேண்டும். ஓசையின்றி ஒழித்தல் தகாது. வேலை வேண்டி விடுத்த விண்ணப்பம் ஒன்று அங்ஙனம் மறையுமாயின், விடுத்தவன் மறுமொழிக்கு வீணே காத்திருப்பான்.

பி.டி.ஆர். பதிவு ஒருவனது நற்குணத்திற்குச் சான்றன்று; தீயோனும் அதனைச் செம்மையாக அமைத்துக்கொள்ளலாம். எனினும், நல்லோன் அதனை அமைக்காதொழிதற்கு அது காரணமாகாது.