ஒரே தீயை எத்தனை முறை அணைப்பது?

அக்னிபத் திட்டத்தில் கடற்படைக்கு எடுத்த அக்னிவீரர்களின் முதல் அணி, 2022 நவம்பரில் ஒடிஷாவின் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சிக்குச் சேர்ந்தது. அவர்களின் நான்காண்டுப் பணிக் கெடு 2026 நவம்பரில் முடிகிறது. நூற்றுக்கு 25 பேர் வரைதான் படையில் நீடிக்க முடியும். மற்றவர்களுக்கு வெளியேறும்போது சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. அவர்கள் வணிகக் கப்பலுக்குப் போக ஆறு வழிகள் திறந்திருப்பதாக 2022 ஜூனிலேயே மத்திய கப்பல் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. அதே மாதம் கடற்படையும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும் ஒப்பந்தம் போட்டன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், சரக்குக் கப்பலில் ஏற, கடலோடிகளின் பயிற்சிக்கான பன்னாட்டு உடன்படிக்கையான எஸ்.டி.சி.டபிள்யூ.வின் சான்றுகள் வேண்டும். 1978-ல் உருவான அந்த உடன்படிக்கை போர்க்கப்பலுக்குப் பொருந்தாது. ஆகவே, கடற்படையில் கற்றது தானாகவே சான்றாக மாறிவிடாது.

இந்தச் சான்றுகளுக்கான அடிப்படை வகுப்புகளில் என்ன கற்றுத்தருகிறார்கள்? லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் குதிக்க வேண்டும். கவிழ்ந்த மிதவையை நிமிர்த்த வேண்டும். மூச்சுக்கருவி மாட்டிப் புகையறைக்குள் நுழைந்து தீயை அணைக்க வேண்டும். போர்க்கப்பலில் இருந்தவனுக்கு இதில் எது புதிது? லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி வளாகத்தில் தீயணைப்பையும் சேதக் கட்டுப்பாட்டையும் கற்பிக்க கடற்படை தனிப் பள்ளியே நடத்துகிறது. அரசு செலவில் படித்ததையே சேவா நிதியை உடைத்து மறுபடி படிப்பதா?

போர்க்கப்பல் வேறு, சரக்குக் கப்பல் வேறு என்பார்கள். எண்ணெய்க் கப்பலுக்கான தனிப் பாடத்தை வேண்டுமானால் நடத்துங்கள். தீயும் கடலும் இரண்டிலும் ஒன்றுதான். இந்த வாதத்தால் லாபம் காண்பவை கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையங்கள் மட்டுமே.

சான்றிதழ் எங்கே உயிர் காக்கும் என்பதை எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களிடம் கேளுங்கள். பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் ஆனைக்குட்டத்திலேயே இருக்கிறது. பட்டாசு ஆலைக்கு உரிமம் உண்டு, மருந்துக் கலவைக்கு அளவு உண்டு, ஓர் அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்கும் உண்டு. இருந்தும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில், உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஆலையில் 30-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில், உள்குத்தகைக்கு விட்ட ஆலையில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். காகிதம் ஒருவர் பெயரில், மருந்து இடித்தது வேறொருவர். கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய இடத்தில் அதிகாரம் தூங்கியது. தீயை அணைத்துப் பழகிய கடற்படை வீரனிடம் மட்டும் இன்னொரு முறை அணைத்துக் காட்டச் சொல்கிறது. நம் நாட்டில் சான்றிதழ் பாதுகாப்புக்காக இல்லை, வசூலுக்காகத்தான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அமெரிக்காவில் 2019 மார்ச் 4 அன்று அதிபர் டிரம்ப் போட்ட ஆணை, படை வீரர்களின் பயிற்சியையும் கடலனுபவத்தையும் வணிகக் கப்பல் சான்றுக்குக் கணக்கில் எடுக்கவும், கட்டணத் தள்ளுபடிக்கு வழி பார்க்கவும் சொன்னது. சமமான பயிற்சியை ஏற்க எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கையிலேயே இடம் இருக்கிறது. இங்கே குறை சட்டத்தில் இல்லை, மனத்தில்தான்.

கடற்படைப் பள்ளிகளுக்கே சான்றளிக்கும் அதிகாரத்தைக் கொடுங்கள். படையை விட்டு வெளியேறும் அன்றே ஒவ்வொரு அக்னிவீரர் கையிலும் அடிப்படைச் சான்றுகளும் சி.டி.சி. எனும் கடலோடி அடையாளப் புத்தகமும் இருக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால், 2022-ல் சொன்ன ஆறு வழிகளும் வெறும் விளம்பரம்தான்.