ஈயக்குட்டைகளின் உயிரையும் அளந்து பாருங்கள்: வடசிலாங்கூர் தோட்டப்புற மக்களின் கோரிக்கைச் சாசனம்

சிலாங்கூர் மாநில அரசுக்கும், நீர் மேலாண்மை வாரியமான லுவாசுக்கும், சுற்றுச்சூழல் துறைக்கும், கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டார மக்களாகிய நாங்கள் முன்வைப்பது:

எங்கள் பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில், ஈயம் தோண்டிய கம்பெனிகள் விட்டுச்சென்றவை நூற்றுக்கணக்கான குட்டைகள். சுற்றிலும் இப்போது செம்பனை. 2014 வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கு தண்ணீர்ப் பங்கீட்டில் தவித்தபோது இந்தக் குட்டைநீரைச் சிலாங்கூர் ஆற்றுக்குள் இறைத்தார்கள். ஹோராஸ் என்ற பெயரில் அது நிலையான திட்டமாகவும் ஆனது. எங்கள் பிள்ளைகள் தூண்டில் போடும் தண்ணீர், வறட்சி வந்தால் கோலாலம்பூர்க் குழாய்க்கும் போகிறது.

அன்று எழுந்த விவாதம் பெரும்பாலும் ஆர்செனிக், காரீயம் போன்ற உலோகங்களைப் பற்றியது. அந்த உலோகங்களைச் சேற்றில் கட்டி வைப்பதிலும் அவிழ்த்து விடுவதிலும் நுண்ணுயிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மழையில் உரம் கரைந்து இறங்கினால் நீரில் பாஸ்பரஸ் கூடும். நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியா மற்றவற்றை நெருக்கித் தள்ளிப் பெருகும். அது மடிந்து அடியில் படிய, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பிராணவாயுவைத் தீர்த்துவிடும். பிராணவாயு அற்ற சேற்றில் இரும்புத் துருவைக் கொண்டு சுவாசிக்கும் வேறொரு கூட்டம் தலைதூக்கும். துருவில் ஒட்டிக்கிடந்த ஆர்செனிக்கும் பாஸ்பரசும் அப்போது நீரில் கரையும். அந்தப் பாஸ்பரஸ் மறுபடி பாசிக்கே உணவாகும். மேல்மட்டத்தில் மொண்ட ஒரு போத்தல் நீர் இதில் எதையும் காட்டாது. மீன் செத்து மிதப்பதற்கு வெகு முன்பே, சில நாட்களுக்குள், நுண்ணுயிர்ச் சமூகம் மாறிவிடுகிறது. குலைந்தபின் அது பழைய நிலைக்குத் திரும்பும் என்ற உறுதியும் இல்லை.

கனடாவில் 1973இல் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரசும் சேர்த்தார்கள். அந்தப் பாதிதான் பாசியால் பச்சையானது. நாம் தண்ணீருக்குத் தவித்த அதே 2014இல், அமெரிக்காவின் தொலிடோ நகரில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோரிடம் குழாய்நீரைக் குடிக்காதீர்கள் என்றார்கள். காரணம், ஈரி ஏரிப் பாசியின் மைக்ரோசிஸ்டின் நச்சு. நீரைக் காய்ச்சினாலும் அது போகாது.

ஆகவே எந்தக் குட்டையிலிருந்தும் ஆற்றுக்கு நீர் இறைக்கும் முன், மேல்மட்டத்திலும் அடியிலும் எடுத்த மாதிரிகளில் நுண்ணுயிர்களை மரபணு முறையில் ஆய்ந்தாக வேண்டும். குடிநீரில் மைக்ரோசிஸ்டினுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நீண்டகால அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதை ஒட்டியே இறைப்பது முடிவாக வேண்டும். முடிவுகள் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும், கோயில், சூராவ், தோட்ட அலுவலகப் பலகைகளில் ஒட்டப்பட வேண்டும். அலமாரிக்குள் பூட்டிய அறிக்கை எங்களுக்கு வேண்டாம்.

குட்டைக் கரையிலிருந்து 50 மீட்டருக்குள் உரமோ களைக்கொல்லியோ போடக்கூடாது. அங்கே மரமும் புல்லும் வளரட்டும். குட்டையில் வடியும் செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு, லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற உயிர்வேதி பிராணவாயுத் தேவை வரம்பை 20 ஆக்குங்கள். செலவு நிறுவனத்துடையது. அதைச் சொல்லித் தொழிலாளியின் சம்பளத்திலோ வேலையிலோ கைவைக்கக் கூடாது.

மாதிரி எடுக்கும் வேலைக்குப் பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்து அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வாய்க்கால் எங்கே விழுகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

செப்டம்பர் 2020இல் ரவாங் பக்கம் கொட்டிய கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. வாசனை வந்த பிறகே எல்லோரும் விழித்தார்கள். பாசி நச்சுக்கு அப்படியொரு வாசனை எச்சரிக்கையை நம்பியிருக்க முடியாது. அடுத்த வறட்சிக்கு முன் இந்தக் கோரிக்கைகள் சட்டமன்றத்தில் பேசப்பட வேண்டும். இந்த ஆற்று நீரைக் குடிக்கும் ஒவ்வொருவரும், தோட்டமானாலும் பட்டணமானாலும், இதில் கையெழுத்திட வாருங்கள்.