பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள்!

பி.டி. மாஸ்டர் என்றால் யார்? விசில் ஊதுபவர், பிரேயரில் வரிசை நிறுத்துபவர், லேட்டாக வரும் பையனை வாசலில் மறிப்பவர். நம்மில் பலருடைய நினைப்பு இதுதான்.

ஆனால் அவர் படித்து வந்தது என்ன தெரியுமா? ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. டிகிரி முடித்தவர்கள் பி.பி.எட். படிக்க இரண்டு வருஷம் ஆகும். எலும்பு, தசை, ரத்த ஓட்டம், முதலுதவி, ஆட்ட விதிகள், வயதுக்கேற்ற பயிற்சி எல்லாம் அதில் உண்டு.

இவ்வளவும் கற்று வந்தவருக்கு நாம் கொடுக்கும் வேலை என்ன? கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது! பரீட்சை நெருங்கினால் அவருடைய பீரியட் கணக்குக்குப் போய்விடுகிறது. பந்து பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. "விளையாடினா மார்க் வருமா?" என்று கேட்கும் பெற்றோரும் இதற்கு உடந்தை.

ஓடும்போது எந்தப் பிள்ளைக்கு மூச்சு இளைக்கிறது, யாருக்கு முழங்கால் வலிக்கிறது என்பது வகுப்பறை பெஞ்சில் தெரியாது. மைதானத்தில்தான் தெரியும். அதைக் கண்டுபிடித்து வீட்டுக்குச் சொல்லக்கூடியவர் பி.டி. மாஸ்டர்தான்.

டைம் டேபிளில் உள்ள பீரியடை அவரிடமே விட்டு வையுங்கள். கணக்குக்குத் தனி பீரியட் இருக்கிறதே! தலைமை ஆசிரியர்கள் கவனிப்பார்களா?