இலையின் மறுபக்கம்

மலைக்காட்டைப் பின்னணியாகக் கொண்ட நம் கதைகளில் பெரணிகள் எப்போதும் கூட்டமாகவே வருகின்றன. மரத்துக்குப் பெயர் தேடுகிற, பறவையின் குரலைக்கூடப் பிரித்தறிந்து எழுதுகிற படைப்பாளிகள், பெரணி என்றதும் ஒரு பன்மை விகுதியைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வாசகர்களாகிய நாமும் அதை ஒரு குறையாகக் கருதுவதில்லை.

இதற்குக் காரணம் நம் மரபிலேயே இருக்கலாம் என்று தோன்றுகிறது. திணைகளுக்கே குறிஞ்சி, முல்லை, மருதம் என்று பெயர் வைத்தவர்கள் நாம். குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை அடுக்குகிறது. பூவின் வழியாகச் செடியை அறிவது நம் பழக்கம். பெரணியோ பூப்பதில்லை, காய்ப்பதுமில்லை. பூக்களின் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்க வழியே இல்லை. பூவில்லாத செடியை அடையாளம் காண வேறொரு வாசிப்புமுறை தேவைப்படுகிறது.

சோலைக்காடுகளின் மரப்பெரணியை எடுத்துக்கொள்வோம். ஓடைச்சரிவில், உச்சிக்கிளைகள் வடிகட்டித் தரும் மங்கிய ஒளியில், கரிய தண்டின் மேல் குடை விரித்தாற்போல நிற்கும். பார்ப்பவர் 'மரப்பெரணி' என்று சொல்லித் திருப்தியடைந்துவிடுவார். ஆனால் அது எந்த மரப்பெரணி? தென்னிந்திய மலைகளில் பரவலாகக் காணப்படுவது சயாத்தியா ஜைஜாண்டியா. இப்போது சிலர் இதை ஜிம்னோஸ்பேரா என்ற பேரினத்தில் சேர்க்கிறார்கள். இலைக்காம்பு ஏறத்தாழ முழுக் கறுப்பு. எண்ணெய் தடவியதுபோலப் பளபளக்கும். சயாத்தியா கிரினிட்டா மிக அரியது. தென்னிந்தியாவின் உயர்ந்த மலைகளிலும் இலங்கை மலைகளிலும் மட்டும் வாழ்கிறது. அதன் காம்பை வெளிறிய வைக்கோல்நிறச் செதில்கள் அடர்ந்து போர்த்தியிருக்கும். நீலகிரியின் பெயரையே தாங்கிய சயாத்தியா நீல்கிரென்சிஸ் என்ற இனமும் உண்டு. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே குடைதான்.

தண்டு வளராத இளம்பருவத்தில் குழப்பம் இன்னும் கூடுகிறது. அதே ஓடைக்கரையில் ஆஞ்சியாப்டெரிஸ் என்ற பெரும்பெரணியும் வளரும். ஆளை மறைக்கும் நீளத்தில் இலைவிடும் இதை இளம் மரப்பெரணி என்று எண்ணிக்கொள்வது எளிது. ஆனால் காம்பின் அடியைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். ஆஞ்சியாப்டெரிஸில் அங்கே காது மடல்களைப் போல இரண்டு சதைப்பற்றான செதிள்கள் காம்பை அணைத்திருக்கும். சிற்றிலைகள் கிளைக்கும் இடங்களும் மூட்டு வீங்கியதுபோலப் புடைத்திருக்கும். சயாத்தியாவில் இவை இரண்டும் கிடையா.

எஞ்சிய ஐயத்தை இலையின் அடிப்பக்கம் தீர்த்துவைக்கும். பெரணி தன் வரலாற்றை எழுதிவைப்பது அங்கேதான். ஜைஜாண்டியாவில் ஸ்போர்ப் பைகளின் திரள்கள் உருண்டைப் புள்ளிகளாக, இலைவிளிம்பிலிருந்து விலகி, மூடுசவ்வு ஏதுமின்றி நரம்புகளின்மேல் அமர்ந்திருக்கும். ஆஞ்சியாப்டெரிஸில் பைகள் விளிம்பை ஒட்டி, இரண்டு வரிசையாக, சிறு படகில் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்ததைப்போல இருக்கும். ஒரு கைலென்ஸ் போதும். இலையைப் பறிக்கவும் வேண்டாம்; மெல்லத் திருப்பினாலே தெரிந்துவிடும்.

பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கும் இலக்கிய நண்பர்களும் உண்டு. பெயர் தெரியாத காட்டில் இழப்பும் தெரிவதில்லை என்பதே நம் பதில். பத்துக் கறுப்புக் காம்புகள் நிற்கும் ஓடையில் செதில் போர்த்திய ஒன்று சாய்ந்து மட்கிப்போனால், 'மரப்பெரணிகள் நிறைய உண்டு' என்ற குறிப்பில் எந்த மாற்றமும் நேராது. மரப்பெரணிகளின் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியல்படி கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆர்கிட் வளர்ப்போர் அவற்றின் வேர்நாருக்காகத் தண்டுகளை வெட்டியதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் வெட்டுபவரைத் தடுத்தால் மட்டும் போதாது. நிழலும் ஈரமும் வேண்டும். பெரணியின் ஸ்போர் விழுந்த இடத்தில் முதலில் முளைப்பது பெரணியே அல்ல. நகக்கண் அளவிலான, இதயவடிவப் பச்சைத் தகடு. முன்உடலம் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் படிந்த நீர்ப்படலத்தில் ஆண் அணுக்கள் நீந்திச் சென்றால்தான் கருவுறுதல் நிகழும். ஹோஃப்மைஸ்டர் 1851-இல் விளக்கிய இந்த இரட்டை வாழ்க்கையை நினைத்தால், மேலே ஒரு மரம் வெட்டப்படும்போது கீழே என்ன காய்ந்துபோகிறது என்பது புரியும்.

சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம், பிரித்தானிய இந்தியப் பெரணிகளுக்கான கையேட்டை 1883-இல் வெளியிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிப் பெரணிகளைப் பற்றி மாணிக்கமும் இருதயராஜும் எழுதிய நூல் 1992-இல் வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தவை, துறைசார்ந்தோருக்கானவை. அந்த அறிவு தமிழ் உரைநடைக்குள் வருவதற்கு இலக்கிய இதழ்கள் இடம் தரவேண்டும் என்பது நம் கருத்து. கலைச்சொல் இல்லையே என்ற தயக்கம் தேவையற்றது. செதில், காம்பு, மடல், நரம்பு, புடைப்பு என வேண்டிய சொற்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே நம் வாயில் புழங்குகின்றன.

அடுத்தமுறை சோலைக்குள் நுழையும் நண்பர்கள் குடையின் அழகைப் படமெடுத்த பிறகு இன்னும் மூன்று படங்கள் எடுத்துவர வேண்டும்: காம்பின் அடி, தண்டில் இலை உதிர்ந்த வடு, முதிர்ந்த இலையின் அடிப்பக்கம். மூன்றாவது படத்துக்கு ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ அருகில் வைத்துக்கொள்வது நல்லது.