வவுனியாப் பல்கலைக்கழகமும் வடக்கு முஸ்லிம்களின் காணியும்

வவுனியா பம்பைமடுவில் செயற்றிட்ட முகாமைத்துவத்துக்கென ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து, 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமான இடம் அது. நமது பெற்றோரோ உயர்தரப் பெறுபேறு வந்ததும் கொழும்பு, ஒலுவில் என்றே பார்க்கிறார்கள்.

வன்னியில் எந்தச் செயற்றிட்டமும் காணியில்தான் வந்து முட்டும். 1990 ஒக்டோபரில் புலிகளால் விரட்டப்பட்ட முல்லைத்தீவு முஸ்லிம்களைப் பாருங்கள். திரும்பிப் போனால் வாப்பாவின் காணி காடாகிக் கிடக்கிறது. உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் இல்லாதவர் வீட்டுத்திட்டத்துக்கு அலைகிறார். பத்து வருடம் தடையின்றி ஆண்டவருக்கே காணி என்ற விதியிலிருந்து இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சலுகையைப் பெறவும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது, பத்திரம் காட்ட வேண்டியிருந்தது.

நாமோ மகஜர் கொடுத்துப் படம் எடுப்பதோடு சரி. நான் வாசித்த மகஜர்களில் கண்ணீர் நிறைய. காணி இலக்கம், அனுமதிப்பத்திரத் திகதி, வரைபடம் எதுவும் இல்லை. அதிகாரி எதை வைத்துத் தீர்ப்பார்?

பம்பைமடுவில் படிக்கும் நமது பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரே ஒரு கிராமத்தின் காணிக் கோப்புகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கட்டுமே. செலவைப் பள்ளிவாசல் நிர்வாகம் பொறுப்பெடுக்கலாம்.